ஒரே தீவுக்கு மறுபடியும் போவது காசைக் கரியாக்கும் வேலையா? (குவாதலூப், கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவு)

11 ஜனவரி 2025 (வாசகி ஒருவரின் கேள்வி)

வணக்கம் அண்ணா. 2023இல் நாங்கள் நாலு பேரும் குவாதலூப்பில் பத்து நாள் நின்றுவிட்டு வந்தனாங்கள். எனக்கும் பிள்ளைகளுக்கும் அந்த இடம் மனதை விட்டுப் போகுதில்லை. இந்த முறையும் அங்கேயே போவம் என்று நான் சொல்ல, பார்த்த இடத்தையே திரும்பப் பார்க்க நாலு டிக்கெட் போடுறது காசைக் கரியாக்கிற வேலை என்கிறார் என்ர மனுசன். போன முறை நின்றது கோசியேயில் கடற்கரை ஓட்டல். வில்லா எடுத்தால் சமையல் முழுக்க என்ர தலையில் விழும் என்ற பயமும் இருக்கு. நீங்கள் மூன்றாம் தரமும் அங்கேதான் போறீங்கள் என்று எழுதியிருந்தீங்கள். ஏன் அண்ணா?

12 ஜனவரி

போங்கள். ஆனால் போன முறை தங்கிய கரையில் தங்காதீர்கள்.

குவாதலூப்பை ஒரு தீவு என்று சொல்கிறோமே தவிர, அது வண்ணத்துப்பூச்சியின் இரண்டு இறக்கை மாதிரி இரண்டு நிலம். நடுவில் ரிவியேர் சலே என்ற ஒடுங்கிய உப்புநீர்க் கால்வாய். கிழக்கு இறக்கையான கிராந்த்-தேர் சுண்ணாம்புக்கல் பூமி. கரும்பு, வெள்ளை மணல், ஓட்டல்கள் எல்லாம் அங்கே. மேற்கு இறக்கை பாஸ்-தேர். பெயருக்குத் தாழ்ந்த நிலம் என்று அர்த்தம், ஆனால் 1467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை நிற்பது அங்கேதான். மழைக்காடு, அருவி, கறுப்பு மணல். கிராந்த்-தேரில் இருக்கும் கோசியேயில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் காரெடுத்துப் போய் கார்பே அருவியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள் என்றால், உங்கள் வீட்டுக்காரர் பாதித் தீவைத்தான் பார்த்திருக்கிறார். அதை அவரிடம் சொல்லுங்கள்.

நாங்கள் எடுப்பது பூயான்த் பக்கம், பாஸ்-தேரின் மேற்குக் கரை. பூயான்த் என்றாலே கொதிப்பது என்று பொருள், வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர், பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கும் நிலையம்கூட உண்டு. எதிரே பிஜோன் தீவுத்திட்டுகள், கீழே மாலான்தூர் கடற்கரை. மணல் கறுப்பு, குழந்தைகள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் நாள் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, புல் மேயும் பச்சை ஆமையைப் பார்த்தபிறகு மேலே வரச் சொன்னாலும் வரமாட்டார்கள்.

வில்லா என்பது விளம்பரச் சொல். ஊர்க்காரர்கள் ஜீத் என்பார்கள். நீச்சல்குளம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், மூன்றே விஷயம் கேளுங்கள். வீடு எந்தத் திசைக் கடலைப் பார்க்கிறது, தண்ணீர்த்தொட்டி இருக்கிறதா, சமையலறை வீட்டுக்குள்ளா வராந்தாவிலா.

அதே நாள், இரவு

திசை ஏன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முதல் முறை போனது 2018 ஜூன். கிராந்த்-தேரில் கிழக்கு பார்த்த வீடு. படத்தில் நீலக் கடல், நேரில் போனால் கரை முழுக்கப் பழுப்பு நிறத்தில் சர்காசும் பாசி, முழங்கால் உயரத்துக்கு. 2011இலிருந்து அட்லாண்டிக்கில் இருந்து திட்டுத் திட்டாக வந்து ஒதுங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும்தான் அதிகம், 2018 ரொம்ப மோசமான வருஷம். புதிதாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. அழுக ஆரம்பித்தால் அழுகிய முட்டை நாற்றம், ஹைட்ரஜன் சல்ஃபைடு. மூன்றாம் நாள் காலை அம்மா காலை நீட்டிக் காட்டினார்கள். வெள்ளிக் கொலுசு அடுப்புக்கரி பூசினமாதிரி கறுத்துப்போயிருந்தது. முப்பது வருஷமாகக் கழற்றாத கொலுசு. அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டிவிட்டோம். வீட்டை வாடகைக்கு விட்டவர் பாசியைப் பற்றி ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மிச்ச நாளுக்கு அவசரத்தில் கிடைத்த இடம்தான் பூயான்த். ஆக, தீவு பிடித்துப்போனது இரண்டாவது வீட்டால்.

14 ஜனவரி, பொங்கல்

கொலொம்போ என்று அங்கே விற்கிற கறித்தூள் எங்கட கொழும்பின் பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேயே பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் அந்த ஊர் மொழியான கிரியோலில் பேசும்போது கொல்பு என்கிறார்கள். அந்தச் சொல்லை ஒருமுறை காதால் கேட்டால் போதும், அது குழம்பு. 1848இல் அடிமை முறை ஒழிந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. 1853இல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களை ஒப்பந்தத்தில் கப்பலேற்றினார்கள். 1889 வரைக்கும் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், பிற்பாடு கல்கத்தா வழியாகவும். குழம்பு அவர்களோடு போனது.

சுவையைக் கேட்டால், நம் குழம்பில் காரத்தை எடுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

இன்று வீட்டில் பொங்கல், மூன்று அடுப்பும் எரிகிறது, அப்புறம் எழுதுகிறேன்.

16 ஜனவரி

திருத்தம். 1853 மே மாதம் கப்பல் போனது பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான மர்த்தினிக்குக்கு. குவாதலூப்பில் புவான்த்-ஆ-பீத்ர் துறைமுகத்துக்கு முதல் கப்பல் வந்தது 1854 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். இரண்டு தீவுக்கும் முதலில் போனது ஒரே கப்பல்தான், ஓரெலி. அதனால்தான் குழப்பிவிட்டேன். புதுச்சேரிக்காரன் நான், இந்தத் தேதி தப்பக் கூடாது.

19 ஜனவரி

இன்னொரு நண்பர் எழுதியிருக்கிறார்: "அந்த மண்ணே விஷம், கிழங்கு தின்னக் கூடாது என்கிறார்களே, நீங்கள் சந்தையில் வாங்கிச் சமைக்கச் சொல்கிறீர்களே?"

நியாயமான கேள்வி. குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்தை வாழைத் தோட்டங்களில் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை அடித்தார்கள். பிரான்சில் 1990இலேயே தடை செய்ததை அங்கே மூன்று வருஷம் நீட்டிக்கொடுத்தார்கள். அந்த ஊர் ஜனங்கள் இதை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் கூடாது. மருந்து மண்ணில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது, அதிகம் பாதித்தது பாஸ்-தேரின் தெற்குப் பக்கம். மண்ணுக்குள் விளைகிற சேம்பு, சர்க்கரைவள்ளி, காய்ச்சில்கிழங்கு இவைதான் அதை இழுத்துக்கொள்கின்றன. ஆற்று மீனும் ஆற்று இறாலும் அப்படித்தான். மரத்தில் காய்க்கிறதில் அந்தப் பயம் இல்லை. ஈரப்பலா, மாங்காய், வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடலாம். கிழங்கு வேண்டுமென்றால் எந்த ஊரில் விளைந்தது என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அவர்களும் அதே கேள்வியைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

18 பிப்ரவரி, பூயான்த்

வந்து சேர்ந்தோம். பாரிஸ் ஒர்லி விமான நிலையத்தில் இருந்து எட்டரை மணி நேரம், அப்புறம் மலை வழியே ஒரு மணி நேரக் கார். அம்மா, மனைவி, பையன், நான். போன தடவை எடுத்த அதே வீடு. கதவைத் திறந்ததும் பையன் நேராகப் போய்ச் சமையலறை இழுப்பறையைத் திறந்து, போன வருஷம் அவன் விட்டுப்போன வளைந்த கரண்டி இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. மூன்றாம் முறை ஏன் என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

தண்ணீர் நின்றுவிட்டது, இரண்டாம் நாளே. காரிப் பழங்குடிகள் இந்தத் தீவுக்கு வைத்த பெயர் கருக்கேரா, அழகிய நீர்களின் தீவு என்று விளக்கம் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் பழைய குழாய்கள் ஒழுகி, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தொட்டி இருந்ததால் தப்பித்தோம். ஆனால் முன்பு எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும்: தொட்டி மட்டும் போதாது. நேற்று மாலை மின்சாரமும் ஒரு மணி நேரம் போனது, பம்ப் ஓடவில்லை, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் சொட்டு இல்லை. இரண்டு வாளி பிடித்து வைத்துவிடுங்கள். ஊரில் நாம் செய்யாததா.

இன்னொரு திருத்தமும். மேற்குக் கரையில் பாசியே வராது என்ற நினைப்பில் எழுதிவிட்டேன். இன்று காலை சில இழைகள் மிதந்தன. ஒரு கூடைகூட நிறையாது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

22 பிப்ரவரி

சமையல் தலையில் விழும் என்ற உங்கள் பயத்துக்கு இப்போதுதான் முழுப் பதில்.

வீட்டு உரிமையாளரின் பெரியம்மா அடுத்த வீட்டில் இருக்கிறார். எழுபத்தைந்து வயது இருக்கும். முன்பே சொல்லி வைத்தால் வந்து ஒரு வேளை சமைத்துத் தருவார், நம்மைப் பக்கத்தில் நிற்கவும் விடுவார். வியாழக்கிழமை ஆட்டுக்கறிக் கொலொம்போ. முந்தின இரவே கறியில் எலுமிச்சை, பூண்டு, தைம், சிவ் என்கிற வெங்காயத்தாள் எல்லாம் பிசைந்து வைத்திருந்தார். கறியை எண்ணெயில் சிவக்க விட்டார். சரி, இனி பொடி என்று நான் டப்பாவை எடுத்து எண்ணெய்ப் பக்கம் கொண்டுபோனதும் கையைத் தட்டிவிட்டார். பொடியைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்துத்தான் ஊற்றவேண்டுமாம். பிறகு மாங்காய்த் துண்டு, கத்தரிக்காய், சௌசௌ. கடைசியில் ஒரு முழு மிளகாய், மஞ்சள் நிறம், சின்னப் பூசணி மாதிரி மடிப்பு மடிப்பாக. அதைக் காம்போடு மேலே மிதக்கவிட்டு, உடையாமல் பார்த்துக்கொள் என்று என் பையனைக் காவலுக்கு வைத்தார். உடைந்தால் சட்டியைத் தொட முடியாது. மிளகாயின் பெயர் பொந்தா மான் ஜாக், ஜாக் அம்மாளின் பின்புறம் என்று அர்த்தம். பையன் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அம்மா பொடியை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து நின்றார்கள். அப்புறம் நாக்கில் வைத்து, "இதிலே வறுத்த அரிசி இருக்குடா" என்றார்கள். காரைக்காலில் என் ஆத்தா குழம்புப் பொடிக்கு ஒரு பிடி அரிசி வறுத்துப் போடுவாராம், குழம்பு கெட்டிப்பட. நான் பிரெஞ்சில் கேட்டேன். பெரியம்மா ஆமாம் என்று தலையாட்டினார்.

காரத்தை எடுத்துவிட்ட குழம்பு என்று பொங்கலன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். காரம் அங்கேயேதான் இருக்கிறது, மேலே மிதக்கிறது. வேண்டியவர்கள் தட்டில் அதன் ஓரத்தைக் கரண்டியால் லேசாக நசுக்கிக்கொள்கிறார்கள், வாசனை மூக்கில் ஏறும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

பாஸ்-தேர் நகரத்துக்குப் போய்த் திரும்பும்போது கார்னிவல் ஊர்வலத்தில் மாட்டி இரண்டு மணி நேரம். மத்தள ஒலி மார்புக்கூட்டில் அடித்தது, அம்மாகூடக் காரை விட்டு இறங்கி நின்றார்கள். இராச்சாப்பாடு ரோட்டோர வண்டியில் பொக்கித்: மைதா மாவை எண்ணெயில் பொரித்து, வயிற்றைக் கீறி, உப்புமீனோ கோழியோ திணித்துத் தருவது. சூடாக இருக்கும்போதே தின்னவேண்டும். ஞாயிறு இரவு உணவகம் தேடாதீர்கள், பாதிக்கு மேல் மூடியிருக்கும்.

25 பிப்ரவரி

அம்மாவுக்காகக் காபெஸ்தேர்-பெல்-ஓ போனோம். சாங்கி என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓரமாகவே மாரியம்மன் கோயில், நம் ஊர்ச் சுதைச் சிற்பங்கள், வண்ணம். மாலியெமேன் என்கிறார்கள். மதுரைவீரன் மால்தெவிலேன் ஆகியிருக்கிறார். பூசை செய்கிறவர் வாத்தியாலு, அதாவது வாத்தியார். நாங்கள் போனபோது ஒரு பெரியவர் மட்டும் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா தமிழில் பேசினார்கள், அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பிறகு அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டைப் பாடினார். பொருள் தெரியாது, ராகம் தெரியும். அம்மா இரண்டாம் அடியிலேயே சேர்ந்துகொண்டார்கள். நான் வெளியே வந்து நின்றுவிட்டேன், உள்ளே நிற்க முடியவில்லை.

காபெஸ்தேரில் பிறந்தவர்தான் ஆன்ரி சிதம்பரம். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் உண்டு என்று 1904 முதல் 1923 வரை வழக்காடி ஜெயித்தவர். பத்தொன்பது வருஷம். இன்று எங்களைப் போலவே பிரெஞ்சு அடையாள அட்டையோடு அங்கே இருக்கிற முத்துசாமிகளுக்கும் ராமசாமிகளுக்கும் பின்னால் அந்தப் பத்தொன்பது வருஷம் இருக்கிறது.

2 மார்ச், வீடு திரும்பியாயிற்று

செலவுக் கணக்கு கேட்டிருந்தீர்கள். வில்லா மலிவு என்று சொல்ல மாட்டேன். கார் வாடகை கட்டாயம் சேரும், அது இல்லாமல் பாஸ்-தேரில் ஒன்றும் நடக்காது. சூப்பர்மார்க்கெட்டில் தயிர், பாலாடைக்கட்டி எல்லாம் பாரிஸைவிட நன்றாகவே விலை, கடல் கடந்து வருகிறது. சந்தையிலும் படகிலும் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். புவான்த்-ஆ-பீத்ரில் தார்ஸ் கரையில் மீனவர்கள் படகிலிருந்தே விற்கிறார்கள், காலையில் சீக்கிரம் போகவேண்டும்.

உணவகத்தைப் பற்றி நான் முன்பு கொஞ்சம் கடுமையாகப் பேசியிருக்கிறேன், நேரமாகிறது, கவனிக்கவில்லை என்றெல்லாம். இந்த முறை மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போய் உட்கார்ந்தோம், மாலைக்கு எந்தத் திட்டமும் வைக்கவில்லை. அக்ரா முதலில் வந்தது, உப்புமீன் போட்ட சின்ன வடை, கூடவே ரம், எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ் கிடையாது. ரம் பாட்டிலையே மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள், நீயே ஊற்றிக்கொள் என்று. பிறகு சுட்ட மீன், ஈரப்பலா, சௌசௌ கிராத்தான். மூன்றரை மணிக்கு எழுந்தோம். போன தடவைகளில் அடுத்த இடத்துக்கு ஓடவேண்டும் என்ற அவசரம் எனக்குத்தான் இருந்தது. அங்கே சமைத்தவர் மேல் தப்பில்லை.

பக்கத்துச் சின்னத் தீவுகளில் மரி-கலாந்த் போகவில்லை. லே சேந்த் போகவில்லை, அங்கே படகுத்துறையில் தேங்காய் வைத்து விற்கும் சின்னக் கேக்கின் பெயர் தூர்மான் தாமூர், காதல் வேதனை. அது அடுத்த தடவைக்கு.

உங்கள் வீட்டுக்காரரைப் பாத்திரம் கழுவ ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வில்லா எடுங்கள்.

9 மார்ச்

ஒன்றை எழுதாமல் வைத்திருந்தேன், முடிவு தெரியட்டும் என்று.

கொலொம்போ செய்த மறுநாள் அம்மா பெட்டியிலிருந்து தாளிப்பு வடகத்தில் கடைசி ஒரு உருண்டையை எடுத்து, மிச்சக் குழம்பில் தாளித்துக் கொட்டினார்கள். பெரியம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அம்மா சொன்னது: "பாரிஸ்ல வெயில் இல்லாம மூணு வருஷமா வடகம் போடல. இங்க இவ்வளவு வெயில் வீணாப் போகுதே." அவ்வளவுதான். அன்று மாலையே சின்ன வெங்காயத்துக்குப் பதில் எஷலோத் இரண்டு கிலோ, பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள். உளுந்து கிடைக்க இரண்டு கடை ஏறினோம். விளக்கெண்ணெய்க்கு நான் மருந்துக்கடை தேடக் கிளம்பினபோது பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு குப்பி கொண்டுவந்தார், காராபாத் எண்ணெய், அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது, தலைக்குத் தேய்ப்பது. அதைச் சாப்பாட்டில் பிசைகிறோம் என்றதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வராந்தாவில் வெள்ளைத் துணி விரித்து, பகலில் காயவைத்து, இரவில் அள்ளிப் பிசைந்து மறுபடி உருட்டி, ஒரு வாரம். மத்தியான மழை எப்போது வரும் என்று பையன் மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஓட்டல் பால்கனியில் இதைச் செய்ய யார் விடுவார்கள்? நாங்கள் கிளம்பும்போது பாதி காய்ந்திருந்தது. பாதியை மூட்டை கட்டினோம், பாதியைப் பெரியம்மாவிடம் கொடுத்து இன்னும் நாலு நாள் காயவேண்டும் என்று சைகையில் சொல்லிவிட்டு அம்மா காரில் ஏறினார்கள்.

இன்று படம் அனுப்பியிருக்கிறார். பதினோரு உருண்டை, கருகருவென்று, கண்ணாடி ஜாடியில். கூடவே ஒரு கேள்வி: மீனுக்குத் தாளிக்கலாமா? அம்மா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நான் பிரெஞ்சில் தட்டுகிறேன்.